நண்டு தாண்டாத பள்ளம்

ஓரிடத்தில் உட்கார எனக்கு வராது. கல்யாணப் பந்தியில் ரசம் வருவதற்குள் எழுந்துவிடுகிற ஆள் என்று என் மனைவி இன்றும் உறவுக்காரர்களிடம் சொல்லிக் காட்டுவாள். அப்படிப்பட்டவன் ஒரு வருஷம் முழுக்க ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, தனி ஆளாக, ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைச் செய்தேன் என்றால் யாரும் நம்புவதில்லை. உட்கார்ந்துதான் செய்தேன் என்று நானும் சத்தியம் பண்ண மாட்டேன். பாதி நேரம் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டுதான் இருந்தேன்.

பென் டிரைவ் புதிதாக வந்து, ஆளாளுக்கு அதைக் கழுத்தில் தாலி மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு திரிந்த காலம். மெட்ராசில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். கல்யாணமான ஆறாவது மாதம் அதை விட்டுவிட்டுப் புதுச்சேரிக்கு வந்துவிட்டேன். மனைவிக்குக் கோரிமேட்டில் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. சர்க்கார் வேலை, அதை விடச் சொல்ல எனக்கு வாய் வராது. நான் வந்ததும் குருசுக்குப்பத்தில் ஒரு மாடி வீடு பார்த்துக் குடியேறினோம்.

இதைச் சொல்ல ஊருக்குப் போனபோது அப்பா கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிக்கொண்டிருந்தார். "நல்ல வேலைய உட்டுட்டு இன்னா பண்ணப் போற?" என்றார். கம்ப்யூட்டரில் விளையாட்டு செய்யப் போகிறேன் என்றேன். கையிலிருந்த செடியைக் கீழே போட்டார். "நண்டு கொழுத்தா வளையில தங்காதுன்னு சும்மாவா சொன்னாங்க," என்றார்.

எனக்குச் சுருக்கென்று தைத்தது. கோபத்தில் சாப்பிடாமலேயே பஸ் ஏறிவிட்டேன். ஆனால் வீடு வந்து சேருவதற்குள் அந்த நண்டு என் மண்டைக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டது. வளையில் தங்காத நண்டு தன் வளையைத் தேடிப் போவதுதான் விளையாட்டு என்று முடிவு செய்தேன். இந்த வகை விளையாட்டு பக்கவாட்டில்தான் போகும், நண்டும் பக்கவாட்டில்தான் நடக்கும். மனிதர்கள் நடப்பதை வரைய எனக்குத் தெரியாது என்பதும் ஒரு காரணம்தான்.

இருபது லெவல். ஒவ்வொன்றிலும் நண்டு தன் வளைக்குப் போய்ச் சேர வேண்டும். வழியில் மூடிக்கிடக்கும் மதகு இருக்கும், மீன் பெட்டிகள் இருக்கும். எந்தப் பெட்டியை எங்கே தள்ளினால் மதகு திறக்கும் என்று யோசிக்க வேண்டும். மூன்றாவது லெவலிலிருந்து நடுவில் தண்ணீர் நிறைந்த பள்ளங்களும் வரும். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் நண்டு எம்பித் தாண்டும். தவறி விழுந்தால் சாகாது, அலை வந்து அதை அலுங்காமல் தூக்கி ஆரம்பித்த இடத்திலேயே விட்டுவிடும். அடிதடி, ரத்தம் எதுவும் கூடாது என்று மனைவி சொல்லியிருந்தாள். "நாள் பூரா வார்டுல அதத்தான் பாக்குறேன். வீட்ல வந்து பொம்மையிலயும் பாக்கணுமா?" என்றாள். நியாயமாகத்தான் பட்டது.

கடல் இரண்டு தெரு தள்ளி. ஜன்னலைத் திறந்தால் உப்புக்காற்று நேராக மேஜைமேல் வந்து உட்காரும். கேட்டின் கொண்டியை அது தின்றது, என் சைக்கிள் செயினைத் தின்றது, டி.வி. பெட்டியை ஒரு மழைக்காலத்துக்குள் முடித்தது. கீபோர்டில் நானே இரண்டு தடவை டீயைக் கொட்டினேன். துண்டால் ஒற்றிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். அப்போது எனக்குத் துடைக்கவெல்லாம் பொறுமை கிடையாது.

கீழ்வீட்டு ஹவுஸ் ஓனருக்குப் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். அவர்களைக் கூப்பிட்டு விளையாட விட்டேன். நண்டு துள்ளித் துள்ளிப் பள்ளங்களைத் தாண்டியது. பெண்கள் சிரித்தார்கள். என்னால்தான் சும்மா இருக்க முடியவில்லை. "அந்தப் பொட்டிய இல்ல, இந்தப் பொட்டிய," என்று ஆரம்பிப்பேன். பெரியவள் இரண்டு நொடி யோசித்தால் எனக்குக் கை பரபரக்கும். "தள்ளு, நான் காட்டறேன்," என்று கீபோர்டைப் பிடுங்கிவிடுவேன். நாலாம் நாள் சின்னவள், "அண்ணா, நீங்களே வெளயாடிக்கோங்க," என்று சொல்லிவிட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவர்கள் வரவேயில்லை.

இதையெல்லாம் என் மனைவி சமையலறை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வருஷம் ஒன்றாகிவிட்டிருந்தது. முடிந்துவிட்டது, முடிந்துவிட்டது என்று நான் மூன்று தடவை சொல்லி, மூன்று தடவையும் மறுபடி பிரித்துப் போட்டிருந்தேன். மெட்ராசில் பழைய கம்பெனி நண்பன், வந்தால் இடம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஒருநாள் அவள் எதிரே வந்து நின்றாள்.

"மாசி மகம் வரைக்கும் பாருங்க. அதுக்குள்ள ஒங்களத் தவிர வேற ஒருத்தர், யாராயிருந்தாலும் சரி, கடைசி லெவல் வரைக்கும் வெளயாடி முடிக்கணும். நீங்க வாயத் தொறக்கக் கூடாது. என் கண்ணு முன்னால நடக்கணும். நடந்துச்சுன்னா நான் இதப்பத்திப் பேசவே மாட்டேன். இல்லன்னா மெட்ராசுக்குப் போயிடுங்க."

"நான் போயிட்டா வாரத்துக்கு ஒரு நாள்தானே வர முடியும்?"

"இப்ப மட்டும் வீட்லயா இருக்கீங்க?" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

முத்தியால்பேட்டை மெயின் ரோட்டில் ஒரு பிரௌசிங் சென்டர் உண்டு. நடத்துபவரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். தாத்தா காலத்துத் துணிக்கடையைப் பாதியாகத் தடுத்து ஆறு சிஸ்டம் போட்டிருந்தார். அதில் இரண்டில் என் நண்டை ஏற்றிக்கொள்ள அனுமதித்தார். பிரிண்ட் அவுட்டுக்குக் காத்திருக்கிறவர்கள் பொழுதுபோகாமல் விளையாடுவார்கள், ஒருவராவது முடிப்பார் என்று கணக்குப் போட்டேன்.

ஒரு வாரம் கழித்து, "மூணாவது லெவல யாரும் தாண்டல, தம்பி," என்றார் பாய். காலேஜ் பையன்களுக்குப் புத்தி இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்போது உள்ளே ஒரு அம்மாள் விளையாடிக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும், குட்டையாக வெட்டிய நரைமுடி, முழங்காலுக்குக் கீழே தொங்கும் கவுன். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், மகள் பிரான்சில். வாரம் ஒருநாள் மகளோடு கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேச வருவார். அங்கே விடிந்து மகள் எழுந்திருக்கும்வரை இங்கே காத்திருப்பார். மதாம் என்றுதான் பாய் அவரைக் கூப்பிடுவார், ஆண்களை அவர் பிரெஞ்சு வழக்கப்படி முசியே என்பார்.

மூன்றாவது லெவலின் பள்ளத்தில் அவர் நண்டு தொப்பென்று விழுந்தது. மறுபடி விழுந்தது. அலை தூக்கிக்கொண்டு வந்து விட்டது. அவர் பொறுமையாக மறுபடி போனார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "கொஞ்சம் தள்ளுங்க, நான் காட்டறேன்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

ஸ்பேஸ் பாரைத் தட்டினேன். நண்டு எம்பி, பள்ளத்தின் நட்ட நடுவில் விழுந்தது. சரி, அவசரப்பட்டுவிட்டேன். மறுபடி தட்டினேன். மறுபடியும் தண்ணீர். வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு தாண்டுகிற பள்ளம் அது. எட்டு தடவை, ஒன்பது தடவை, பதினோரு தடவை. பின்னால் இரண்டு பையன்கள் எழுந்து வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது.

"முடியாத ஒண்ணக் குடுத்துட்டு வெளயாடச் சொல்றீங்களே, முசியே," என்றார் மதாம். கோபமில்லாமல்தான் சொன்னார்.

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, இது நீங்க செஞ்சதுதானே?"

அதற்குப் பிறகு மூன்று வாரம் நான் மனுஷனாகவே இல்லை. வீட்டில் ஓடுகிறது, பாய் கடையில் ஓடவில்லை. அவருடைய சிஸ்டத்தின் வேகம் வேறு என்று நினைத்து, வேகத்தைக் கணக்கிடும் பகுதியை முழுசாக மாற்றி எழுதினேன். விழுந்தது. திரையின் அளவு என்று நினைத்தேன். விழுந்தது. ஈர்ப்பு விசைக்கு எழுதிய வரிகளைக் கலைத்துப் போட்டுப் பழையபடி வைத்தேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பென் டிரைவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சைக்கிளில் பறப்பேன், பத்து நிமிஷத்தில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்புவேன். ஒரு நாளைக்கு ஐந்து தடவைகூடப் போயிருக்கிறேன். மனைவி டியூட்டி முடிந்து வந்து தட்டில் சோறு போட்டு வைத்தால், நின்றபடி இரண்டு கவளம் தின்றுவிட்டு மறுபடி மேஜைக்குப் போய்விடுவேன். அவள் ஏதாவது சொன்னால் "ம்" என்பேன். என்ன சொன்னாள் என்று கேட்டால் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு. மீன் வாங்கி வரச் சொல்லிப் பெரிய மார்க்கெட்டுக்கு அனுப்பினாள். கூட்டத்தில் இடிபட்டு, வஞ்சிரம் கேட்டவளுக்குச் சங்கராவை வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தேன். பையை வைத்துவிட்டு நேராகக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். மூன்றாவது லெவல். தட்டினேன்.

நண்டு தண்ணீரில் விழுந்தது. என் வீட்டில், என் சிஸ்டத்தில்.

மேஜை பளிச்சென்று இருந்தது. ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாசனை அடித்தது. குப்பைக்கூடையில் கறுத்துப்போன பஞ்சுருண்டைகள்.

"இதுல இன்னாத்தத் தொட்ட?" என்று கத்தினேன்.

"கீபோர்டு பிசுபிசுன்னு இருந்துச்சு. கட்டைங்களக் கழட்டி உள்ள தொடச்சேன். எறும்பு செத்துக் கெடந்துச்சு, எவ்ளோ உப்பு…"

"ஒன்ன யாரு தொடைக்கச் சொன்னா? ஒங்க வார்டா இது? எனக்குன்னு உருப்படியா இருக்கறது இது ஒண்ணுதான். அதையும் கெடுத்துட்ட!"

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு உள்ளே போய் யாருக்கோ போன் செய்தாள். வேறு ஒருத்தியின் டியூட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு, தொப்பியைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். மீன் பையில் அப்படியே இருந்தது.

எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. போதும், மெட்ராசுக்கே போய்த் தொலைகிறேன் என்று நண்பனுக்கு மெயில் எழுத உட்கார்ந்தேன். நான் வருகிறேன், எப்போது சேர வேண்டும் என்று இரண்டு வரி. எழுதிவிட்டுப் பார்த்தால் ஏதோ வித்தியாசமாக இருந்தது. வார்த்தைகள் நெருக்கமாக நின்றன. அந்த நண்பன் என்னை எப்போதும் கிண்டல் செய்வான், உன் மெயிலில் வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் பஸ்ஸே போகலாம் என்று. இப்போது பஸ் போக இடமில்லை.

பழைய மெயில்களைத் திறந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் இரட்டை இடைவெளி. உப்பும் டீயும் போய் அடைத்துக்கொண்டிருந்த அந்த ஸ்பேஸ் பார், நான் ஒரு தடவை தட்டினால் இரண்டு தடவை தட்டியதாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்லியிருக்கிறது. நண்டு ஒரு தடவை தரையிலிருந்து எம்பி, உடனே அந்தரத்திலேயே இன்னொரு தடவை எம்பியிருக்கிறது. அந்தரத்தில் எம்பக் கூடாது என்று நான் விதியே எழுதவில்லை. அந்த இரட்டைத் துள்ளலைப் பார்த்துத்தான் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அகலம் வைத்திருக்கிறேன். என் வீட்டு உப்பு இல்லாத எந்தக் கீபோர்டிலும் அதைத் தாண்ட முடியாது. மதாமும் காலேஜ் பையன்களும் ஒழுங்காகத்தான் விளையாடியிருக்கிறார்கள்.

மெயிலை அனுப்பவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கோரிமேடு பஸ்ஸில் ஏறினேன். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்திலிருந்து வரும் நோயாளிகளும் சுருட்டிய கோரைப்பாயோடு வரும் சொந்தக்காரர்களும் மொய்க்கிற அந்தப் பஸ்ஸில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நானே எனக்குள் சிரித்துக்கொண்டு நின்றேன். ஆஸ்பத்திரி கேட்டில் சொல்லி அனுப்பி அரைமணி நேரம் கழித்து அவள் வந்தாள். முகம் வாடியிருந்தது.

நான் மூச்சு விடாமல் சொன்னேன். ஸ்பேஸ் பார், இரட்டைத் துள்ளல், மெயிலில் இடைவெளி, எல்லாம். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள்.

"அப்ப ஒரு வருஷமா அழுக்குக்கு அளவெடுத்துச் சட்ட தச்சிருக்கீங்க," என்றாள்.

"ஆமாம்!" என்றேன் சந்தோஷமாக.

"இதச் சொல்லத்தான் பஸ் ஏறி வந்தீங்களா?"

"ஆமாம்."

"வார்டுல ஆள் இல்ல. நான் போறேன்," என்று திரும்பி நடந்துவிட்டாள்.

திரும்பி வரும் பஸ் ராஜீவ் சிலையைத் தாண்டும்போதுதான், காலையில் அவளிடம் கத்தியதற்கு ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்கவில்லையே என்று எனக்கு உறைத்தது. இறங்கி எதிர்ப் பஸ்ஸைப் பிடிக்கலாமா என்று வாசல்படிவரை வந்தேன். வெட்கமாக இருந்தது. இறங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கடைசி லெவலைத் திறந்து வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை எதையோ வரைந்துகொண்டிருந்தேன். அவள் வந்தபோது திரையை மூடிவிட்டேன்.

மாசி மகத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. இரண்டு தடவை தட்டுங்கள் என்று ஒரு வரி எழுதிப் போட்டால் தீர்ந்ததே என்று ஒரு மனம் சொன்னது. ஆனால் அந்தரத்தில் எம்பத் தெரிந்த நண்டுக்குப் பெட்டி எதற்கு, மதகு எதற்கு? தட்டிக்கொண்டே போனால் யோசிக்காமலேயே வளைக்குப் போய்விடும். விதியை எழுதி அந்த வழியை அடைத்தேன். பள்ளங்களையெல்லாம் குறுக்கி, இருபது லெவலிலும் பெட்டிகளை இடம் மாற்றி வைத்தேன். எட்டாம் நாள் பாய் கடையில் ஏற்றினேன்.

மாசி மகத்தன்று பாய் கடையில் ஈ, காக்கை இல்லை. ஊரே வைத்திக்குப்பம் கடற்கரையில் சாமி பார்க்கப் போயிருந்தது. மனைவி இரவு டியூட்டி முடிந்து, வீட்டுக்குக்கூடப் போகாமல், வெள்ளைப் புடவையோடு வந்து சுவர் ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நானும் அவளும் பேசிக்கொள்ளவில்லை. இன்றைக்கு ஆளே வராது, நாளைக்கு மெட்ராஸ் பஸ் என்று முடிவே கட்டிவிட்டேன்.

பத்தரை மணிக்கு மதாம் வந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். அவரிடம் கேட்க எனக்கு முகம் இல்லை. பாய்தான் கேட்டார்.

"மதாம், மக எழுந்திரிக்கிற வரைக்கும் அந்த நண்டக் கொஞ்சம் பாருங்களேன். இப்பத் தாண்டுதாம்."

"முசியே தாண்டிட்டாரா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

மூன்றாவது லெவலில் நண்டு எம்பி அக்கரையில் இறங்கியது. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். ஐந்தாவதும் போயிற்று. ஆறாவதில் அவர் தள்ளக் கூடாத பெட்டியில் கை வைத்தார். என் கால் தானாக ஆட ஆரம்பித்தது. ஒரு அடி முன்னால் போனேன்.

"வெளிய போங்க," என்றாள் மனைவி மெதுவாக.

"நான் ஒண்ணும் பேசலயே."

"ஒங்க மூச்சு பேசுது. போங்க."

போனேன். கால் போன போக்கில் கடற்கரைக்குப் போனேன். மேளம், வாணம், தலைதலையாகக் கூட்டம், தண்ணீருக்குப் போய் வரும் சாமிகள். எங்கள் ஊர்ச் சாமியும் டிராக்டரில் வந்திருந்ததாம். அப்பா துண்டை ஆட்டிக் கூப்பிட்டாராம், நான் பார்த்துக்கொண்டே தாண்டிப் போனேனாம். எனக்கு எதுவும் கண்ணில் படவில்லை. மதாம் எந்த லெவலில் இருப்பார், பதினான்காவதில் கண்டிப்பாக மாட்டிக்கொள்வார், மகள் எழுந்து கூப்பிட்டுவிட்டால் பாதியில் விட்டுவிடுவாரே என்று மணலில் நடந்துகொண்டே இருந்தேன்.

இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பினேன். மதாம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையில் தெரிந்த மகளிடம் பாதி பிரெஞ்சிலும் பாதி தமிழிலும் பேசிக்கொண்டிருந்தார். நண்டைக் காணோம். மனைவி வாசலில் நின்றிருந்தாள்.

"இன்னா ஆச்சு?"

"முடிச்சுட்டாங்க."

"பதினாலாவதுல?"

"மாட்டினாங்க. கையக் கட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்பறம் பெரிய பொட்டியக் கவுத்து, அதுமேல சின்னத நிக்க வச்சு ஏறிட்டாங்க."

அப்படி ஒரு வழி இருப்பது எனக்கே தெரியாது. ஒரு வருஷம் காத்திருந்த காட்சியை நான் பார்க்கவில்லை. நான் அங்கே இருந்திருந்தால் அது நடந்திருக்கவும் செய்யாது. பெட்டியைக் கவிழ்க்கும் முன்பே பிடுங்கியிருப்பேன்.

"கடைசி லெவல்ல, வளைக்குள்ள இன்னொரு நண்டு ஒக்காந்திருக்கு," என்றாள் அவள், ரோட்டைப் பார்த்துக்கொண்டு. "நர்சு தொப்பி போட்டுக்கிட்டு."

நானும் ரோட்டைப் பார்த்தேன்.

"எப்ப வரஞ்சீங்க?"

"அன்னிக்கு. கோரிமேட்டுலேருந்து வந்ததும். அன்னிக்குக் காலைல ஒன்ன அப்படிப் பேசினது தப்பு. நீ தொடைக்கலன்னா…"

"இத அன்னிக்குக் கேட்டுலயே சொல்லியிருந்தீங்கன்னா நான் மத்தியானம் சாப்பிட்டிருப்பேன்," என்றாள். அவளுக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான்.

"அப்ப மெட்ராசு?"

"யாரு போகச் சொன்னா? தொப்பி கோணலா இருக்கு, அதச் சரி பண்ணுங்க. இப்ப வாங்க, பசிக்குது."

பக்கத்து மெஸ்ஸில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அன்றைக்கு ரசம் வந்து, மோரும் வந்து, அவள் இலையை மடிக்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை.